தொட்டியில் இருந்தவர்

அடிவாரச் சாவடியில் எங்கள் வீட்டு வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். முன்னால் நின்ற வண்டிகள் மலையேறிக்கொண்டிருந்தன. பின்னால் நின்றவை எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் கழுத்தைத் திருப்புவதுகூட ஒரு வேலைதான்.

“என்ன ஆச்சுங்க?” என்று கேட்டேன்.

சாவடிப் பெண் கையிலிருந்த கருவியை இரண்டு தட்டுத் தட்டினாள். சட்டையில் ஃபர்ஹானா என்று பெயர் இருந்தது. “உங்க தொட்டி எதுவுமே சொல்ல மாட்டேங்குதுக்கா. மூக்கு அடைச்சிருக்கு.”

மூக்கு என்று நாங்கள் சொல்வது கழிவுத் தொட்டிக்குள் பொருத்தியிருக்கும் கருவியை. ஒரு காலத்தில் ஆளை எண்ணுவதற்கு அட்டை இருந்ததாம், கைரேகை இருந்ததாம். கோடையில் சமவெளி ஆகாது, நான்கு மாதம் மலைக்குப் போனால்தான் உயிர் தங்கும் என்று ஆன பிறகு, பிறக்காத பிள்ளைக்கெல்லாம் அட்டை வாங்கி மலையில் இடம் பிடித்தார்கள். சோறு தின்கிறவன் எவனும் கக்கூசுக்குப் போகாமல் இருக்க முடியாது, தொட்டியை எண்ணிவிடலாம் என்று எந்த மகராசனுக்கோ தோன்றியது. அன்றிலிருந்து வண்டியில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய் என்பதையெல்லாம் மூக்குதான் மோந்து சொல்கிறது. தொட்டியில் இருந்தால்தான் ஆள். தொட்டியில் இல்லாதவருக்கு மலை கிடையாது.

“பேட்டைல வால்வைத் தொறந்தே போட்டிருந்தீங்களா?” என்றாள் ஃபர்ஹானா.

“எல்லாரும் அப்படித்தான போட்டிருக்காங்க?”

“எல்லாருந்தான் இங்க வந்து நிக்கறாங்க.” அவள் சலித்துக்கொண்டாள். “தொறந்து போட்டா தண்ணி மட்டும் ஓடிரும்க்கா. மத்தது அங்கியே குமிஞ்சு, காஞ்சு, கல்லாயிரும். வால்வை மூடி, நெறைய தண்ணி விட்டு, தொட்டி ரொம்பின பொறவு ஒரேயடியாத் தொறக்கோணும். வண்டி குடுக்கறப்பவே சொல்லித்தான குடுக்கறாங்க.”

சொல்லித்தான் கொடுத்தார்கள். யார் கேட்டோம்? மலையில் இல்லாத எட்டு மாதமும் சமவெளியில் எங்கள் பேட்டையில் நின்ற வண்டிகளில் ஒன்றில்கூட வால்வு மூடியிருந்து நான் பார்த்ததில்லை. அடுப்புக்குக் கீழே, சாமி படத்துக்குக் கீழே, அத்தனையையும் சேர்த்து வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்து சோறு தின்பதா? மலையிலிருந்து இறங்கி வண்டியை நிறுத்தியதும் முதல் காரியம், குழாயைப் பேட்டைச் சாக்கடையில் மாட்டி வால்வைத் திறந்துவிடுவது. அப்புறம்தான் பால் காய்ச்சுவோம். என் வீட்டுக்காரர் மித்ரன் அதைத் தன் கையாலேயே செய்வார். போன ஆடியிலும் அவர்தான் திறந்தார். ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சோலார் தகடு கழுவுகிற வேலை. வெயிலில் நின்று நின்று இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவர் திறந்த வால்வு திறந்தபடியே கிடந்தது.

வண்டிக்குள்ளிருந்து மாமா எட்டிப் பார்த்தார். மித்ரனுடைய அப்பா, ரஞ்சித்குமார். வயது எழுபது. வாலிபத்தில் கோயம்புத்தூர்த் தெருக்களில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர். பிற்பாடு திருப்பூர் ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில் போதும் என்று இருந்தார். மகன் சாவுக்குத் துணிப்பையோடு வந்தவர், என்னைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் தங்கிவிட்டார். அவர் பெயரைச் சேர்க்க நானும் நடையாய் நடந்தேன். பெயரெல்லாம் நாங்கள் சேர்ப்பதில்லை, தொட்டி தானே சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். மகனுடைய சாவைச் சொல்லப் போனபோதும் அதே பதில்தான். தொட்டி தானே எடுத்துவிடுமாம்.

“என்னம்மிணி, அடைப்பா?” என்றார்.

“ஆமாங் மாமா.”

“நீ அக்கட்டால போ. நான் பாத்துக்கறேன்.”

ஊரில் இதற்கென்று ஒரு தெருவிலிருந்து ஆளைக் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. குழிக்குள் இறக்கினார்கள், செத்தும் போனார்கள். இப்போது கூப்பிட்டாலும் யாரும் வருவதில்லை. வர வேண்டியதும் இல்லை. அவரவர் தொட்டியில் அவரவர்தான் கை வைக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஃபர்ஹானா சொன்னபடி வால்வை இறுக்கி மூடினோம். குளிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் கக்கூஸ் வழியாகத் தொட்டிக்குள் ஊற்றினோம். சுட வைக்கும் வேலை இல்லை, கூரைத் தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத்தான் வந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் ஒரு புட்டி முழுக்கப் போயிற்று. மாமா சட்டையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் திரைக் கம்பியை உருவி உள்ளே விட்டுக் குத்தினார். நான் மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு செம்பு செம்பாக ஊற்றினேன். நாற்றத்தைப் பற்றிச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஓட்டையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாததுபோல் வேலை செய்தோம்.

பிறகு வண்டியைக் கிளப்பி, சாவடிக்குப் பின்னாலிருந்த கரட்டுப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டினேன். பள்ளத்தில் விட்டு ஏற்றினால் உள்ளே தண்ணீர் அலையடித்துக் கட்டியை உடைக்குமாம். பாத்திரங்கள் உருண்டன. சாமி படம் கீழே விழுந்தது. அடியில் தொட்டி சளக் சளக்கென்றது. திரும்பி வந்து, கழிவு கொட்டும் குழியில் குழாயை மாட்டி வால்வை இழுத்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் குழாய் ஒரு தடவை விக்கியது. விக்கியதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அசதியில் வருகிற அழுகைதான், வேறொன்றும் இல்லை.

ஃபர்ஹானா கருவியை நீட்டிக்கொண்டு வந்தாள். “இப்பப் பேசுதுக்கா. ரெண்டு பேரு. சரியாத்தான் இருக்கு.”

அடுப்புக்கு மேலே, மூக்கின் எண்ணைக் காட்டும் சின்னத் திரையிலும் 2 என்று வந்திருந்தது. அப்பாடா என்று வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கருவியை மறுபடி பார்த்தாள். “பொம்பளை ஒருத்தரு, நாப்பதுக்குள்ள. அது நீங்க. ஆம்பளை ஒருத்தரு, நாப்பத்தஞ்சு இருக்கும். கிட்னி ரொம்ப மோசம்னு காட்டுது. எங்கக்கா அவரு, உள்ள படுத்திருக்காரா? மேல ஏறினதும் ஆஸ்பத்திரில காட்டீருங்க.”

படியிலிருந்து எழுந்துவிட்டேன். “அவரு ஆவணிலயே செத்துட்டாரும்மா.”

அவள் கருவியைக் கீழே இறக்கினாள். இதுபோல் எத்தனையோ பார்த்திருப்பாள் போலிருக்கிறது. அதிர்ச்சி முகத்துக்கு வருவதற்குள் அசதி வந்துவிட்டது. “அடில காஞ்சு கெடந்திருக்கும்க்கா. இப்பத் தண்ணில ஊறி மேல வந்திருச்சு. மெஷினுக்குச் செத்தவங்க இருக்கறவங்கன்னு தெரியாது. தொட்டில இருந்தா இருக்கறாங்க.”

“அப்ப எங்க மாமா?”

“வயசானவரு யாருமே இதுல இல்லியே.”

திரும்பிப் பார்த்தேன். மாமா கையில் கம்பியோடு நின்று தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபர்ஹானா குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொல்றேன். மெஷின்ல ரெண்டு பேரு, வண்டிலயும் ரெண்டு பேரு. இவருதான் உங்க வீட்டுக்காரருன்னு சொல்லி ஏறிப் போயிருங்க. நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன். மேல ஒரு தடவை பதிஞ்சுட்டா அப்பறம் யாரும் கேக்க மாட்டாங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை மாமா காதில் விழுந்துவிட்டது. கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். நடந்துபோய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேல நிழலில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிழல் என்று பேர்தான், அதில் பாதி வெயில்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு வந்த கோபம் அப்படியிப்படி இல்லை. மித்ரன் இருந்த காலத்தில்கூட இவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

“ஏழு மாசமா எங்க போறீங்க மாமா?”

“எங்க போறது. வெடியறதுக்கு முந்தி காட்டுப் பக்கம் போயிட்டு வந்துருவேன்.”

“வண்டில இருக்கறது எதுக்காம்?”

“அது உனக்கு.”

“தெனமும் சாயங்காலம் பக்கத்து வண்டில போய் ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தனே. அது எதுக்குன்னு நெனச்சீங்க?”

“கத பேசத்தான்னு நெனச்சேன்.”

“அந்தப் பொம்பளைகிட்ட எனக்கு என்ன கதை? ஒரே நகைப் பேச்சு. உங்களுக்காகத்தான் போனேன். நீங்க கூச்சமில்லாமப் போயிக்கட்டும்னு.”

மாமா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இவர் எனக்காக வெளியே போயிருக்கிறார், நான் இவருக்காக வெளியே போயிருக்கிறேன். ஏழு மாதமாக அந்தக் கக்கூஸ் இரண்டு பேருடைய மரியாதையையும் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது.

“நீ சோறாக்கற எடத்துக்கு நாலடி கண்ணு,” என்றார். “நடுவால ஒரு ப்ளைவுட்டு. சத்தம் கேக்கும். அவன் இருந்திருந்தான்னா பரவால்ல, எங்கப்பன்னு சொல்லிக்குவான். மகன் இல்லாத ஊட்டுல மருமகளுக்கு அந்தச் சத்தமெல்லாங் கேக்க, நான் எப்படிப் போறது?”

“அதுக்காக வெயில்ல சாவீங்களா?”

“அந்தப் புள்ள சொன்ன மாதிரி ஏறிப் போறதுக்கு, செத்தாலும் பரவால்ல. என்ன பேச்சு அது. எம் மகன் பேர்ல நான் போய்...” குச்சியை முறித்துப் போட்டார். “நீ கெளம்பு. மெஷினே உன்னய உடுது. அவனும் கூட வர்றான்னு வேற சொல்லுது. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆடில எறங்கறப்ப நான் பேட்டைல நிக்கறேன்.”

ஆடி வரைக்கும் பேட்டையில் யாரும் நிற்க மாட்டார்கள். போன வருடம் தங்கிவிட்டவர்களை வண்டிகள் இறங்கிய பிறகுதான் எடுத்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

வண்டிக்குத் திரும்பினேன். திரையில் அந்த 2 அப்படியே இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. மித்ரனுடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. போனில் இருந்த குரல் போனோடு போயிற்று. அவர் இருக்கிறார் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு கருவிதான். சமைக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே அந்த எண் இருக்கும். நான் தனி ஆள் இல்லை. அது எதனால் வந்த எண் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்த மனுஷனுக்குக் கடைசி மூன்று வாரம் நான்தான் எல்லாம் எடுத்துப் போட்டேன். எனக்கு என்ன அருவருப்பு?

ஃபர்ஹானாவிடம் போய்க் கேட்டேன். “தொட்டிய முழுசாக் கழுவிட்டா?”

“கழுவிட்டா நீங்களும் போயிருவீங்கக்கா. சுழியத்துல இருந்து ஆரம்பிக்கோணும். ரெண்டு நாளாச்சும் ஒரே ஆளுகளக் காட்டினாத்தான் கேட்டு தொறக்கும். இன்னிக்கு வியாழன், ஞாயித்துக்கெழம கேட்ட மூடிருவாங்க. அதுக்குள்ள உங்க மாமா...” அவள் கருவேல நிழலைப் பார்த்தாள். “எங்கம்மாவும் போன வருசம் இங்க வந்து நின்னாங்க. கூச்சத்துல வயிறு கட்டிக்கிச்சு. கடைசி நாள்தான் ஏறினாங்க.”

“ஏறலேன்னா?”

“ரெண்டு பேருமே கீழதான். வேண்டாங்க்கா. இப்பவே நீங்க போயிரலாம்.”

மீதியிருந்த குளிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றினேன். பத்தாமல் குடிக்கிற கேன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன், சமைக்க மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு. சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார்.

“அம்மிணி, என்ன பண்ணற?”

“கழுவறேன்.”

“அவன் அதுல...” என்றார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும் மாமா.”

வண்டியை மறுபடி கரட்டில் ஓட்டினேன். இந்தத் தடவை மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாமி படத்தை மடியில் பிடித்துக்கொண்டார். குழிக்கு வந்ததும் இறங்கி, வால்வின் கைப்பிடியைப் பிடித்தேன். மித்ரனுடைய பிடி அது. வழுக்காமல் இருக்க அவர் சுற்றி வைத்த சைக்கிள் டியூப் துண்டு வெயிலில் இளகிக் கையில் ஒட்டியது. சாவு அன்றைக்கு எல்லோரும் பிடித்துக்கொண்டதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது பிடிக்க யாரும் இல்லை.

“போயிட்டு வாங்க,” என்று சொல்லி இழுத்தேன்.

ஒரு விக்கலும் இல்லாமல் போயிற்று. உள்ளே வந்தபோது திரையில் 2 போய் 1 ஆகியிருந்தது. அந்த 1 நானா அவரா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே 0 ஆயிற்று. வால்வை மூடினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்து மூடினேன்.

அன்று சாயங்காலம் மாமா இரண்டு தடவை உள்ளே போய் இரண்டு தடவையும் வெறுமனே வந்தார். கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தேன், குடித்தார். வெளியே வெக்கை அடங்கவே இல்லை. இன்னும் நான்கைந்து வண்டிகள் ஓரத்தில் நின்றன. எல்லாவற்றிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்திருக்கும், யார் யாரிடம் சொல்லப்போகிறார்கள்?

காலையில் நான் எழுந்தபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றிருந்தார். கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் அப்படி. நான் வருவதைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்டவர்போல் முகம் போயிற்று.

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். டப்பாவிலிருந்து மல்லியை அள்ளி மிக்ஸி ஜாரில் போட்டேன்.

“மல்லிப் பொடி அரைக்கோணுங் மாமா,” என்றேன். “நெறைய இருக்கு. ரொம்ப நேரமாகும். இந்தச் சத்தத்துல பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது.”

அவர் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஃபர்ஹானா இரவில் கொடுத்திருந்த ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டார்.

மிக்ஸியைத் திருகினேன். வண்டியே அதிர்ந்தது. மல்லி உடைந்து, தூளாகி, மாவாகி, புகைய ஆரம்பித்தது. நான் நிறுத்தவில்லை. ப்ளைவுட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் மூடியை அழுத்தி நின்றேன். இன்னும் ஒரு பிடி போட்டேன். மோட்டாரில் கருகல் வாடை வந்தது.

“அம்மிணி!” உள்ளேயிருந்து மாமா கத்தினார். “போதும் நிறுத்து, மோட்டார் காயில் போயிரப் போகுது!”

நிறுத்தினேன். அந்த அமைதியில் வாளித் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் விழுவது கேட்டது. மாமா வெளியே வந்தார். என் பக்கம் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வால்வு மூடித்தான இருக்குது?” என்றார்.

“மூடித்தான் இருக்குதுங் மாமா.”

அவர் படியிறங்கிப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜாரைத் துடைத்து வைத்துவிட்டு, அடுப்புக்கு மேலே இருந்த திரையின் முன்னால் கைகட்டி நின்றேன். உலை கொதித்து, அரிசி போட்டு, சோறு வெந்து, வடித்தும் ஆயிற்று. அதன் பிறகுதான் அந்தச் சுழியம் ஒரு முறை துடித்து அணைந்து, 1 என்று எரிந்தது.

நேற்று மத்தியானத்திலிருந்து நான் கக்கூசுக்குப் போகவில்லை. அவர் முதலில் வரட்டும் என்று அடக்கிக்கொண்டிருந்தேன்.